குளவிக்கு யாரிடம் அனுமதி கேட்பது

பூந்து சாலு
அறுவடை முடிந்து மூன்றாம் ஞாயிறு

அன்புள்ள மகன் ரெருங்குக்கு, உன் அப்பா பாலோ தன் கையாலேயே எழுதிக்கொள்வது. முதலில் இந்த எழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள். வரிகள் கோணலாகத்தான் போகும், சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து சிறிதாகவும் இருக்கும், எருமை இறங்கிப்போன வயல் மாதிரி. அடித்துத் திருத்திய இடங்களில் தாள் கொஞ்சம் கிழிந்தும் இருக்கிறது. ஆனால் மகனே, இது நான் எழுதியது. யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது, விரல் மரத்துப்போனால் எழுந்து பன்றிக்குத் தீனி வைத்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன், உட்காரும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருந்ததா என்று. இங்கே நான் நலம், படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. உன் அம்மா தெற்கு அறையில், நீ பார்த்துவிட்டுப் போனபடியே இருக்கிறாள். நீ அங்கே பெர்த்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சோறு தின்று, அந்தச் சுரங்கத்துத் தூசியைத் தினமும் கழுவிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். ரொட்டியைத் தின்று வயிற்றை ஏமாற்றாதே.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், நீங்க சாப்பிட்டீங்களா என்று நீ கேட்பாய், அதோடு போனை வைத்துவிடுகிறோம். முன்பு நான் சொல்லச் சொல்ல உன் அம்மாதான் எழுதுவாள். நான் சொன்னதில் பாதியைத்தான் எழுதினாள் என்பது எனக்கும் தெரியும், "இதையெல்லாம் எழுதினா புள்ள பயந்துக்கும்" என்று மீதியை விட்டுவிடுவாள். இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், ஒவ்வொரு வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவள் எதையும் விடச் சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் எல்லாம் இருக்கும்.

தேவாலயக் கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது, பாதிரியாரின் மகள் யூலி நடத்துகிறாள். பாறை ஏறும் லெபாங்கும் என்னோடு படிக்கிறான், பலகையைப் பார்ப்பதைவிட அவன் பேச்சுத்தான் அதிகம். "நம்ம புள்ளைங்க படிச்சிட்டு ஊரவிட்டுப் போனாங்க, நாம படிச்சிட்டு எங்கய்யா போகப்போறோம், பாறைப் பொந்துக் கல்லறைக்குத்தான்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். எழுத்துக்கூட்ட வந்ததும் முதலில் என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று யூலி ஒவ்வொருவரையும் கேட்டாள். எல்லாரும் பைபிள் என்றார்கள். நான் ட்ரோன் சட்டம் என்றேன். அவளும் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள், அடுத்த வகுப்புக்கு அதைத் தாளில் அச்செடுத்து வந்தாள். நாற்று நட்டதிலிருந்து கதிர் பால் பிடிக்கும்வரை அதை வாசித்தேன். இயந்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், பறக்க விடுகிறவன் உரிம அட்டை வைத்திருக்க வேண்டும், இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது, விமானம் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் கூடாது, பட்டாளம் இருக்கிற இடத்தில் கூடாது, கூட்டத்தின் தலைக்கு மேல் கூடாது, வெளிநாட்டவராக இருந்தால் முன்கூட்டியே தனியாக அனுமதி வாங்க வேண்டும். சுரங்கத்தில் ட்ரோன் ஓட்டுகிற உனக்கு இதெல்லாம் தெரிந்ததுதான், நான் வாசித்தேன் என்பதற்காக எழுதுகிறேன். வெளிநாட்டவர் என்ற சொல் எனக்கு நீளமாக இருந்தது, விரலை வைத்துத் துண்டு துண்டாகச் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். யூலி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகுதான் அந்தச் சொல் யாரைச் சொல்கிறது என்று எனக்கு உறைத்தது. நீ அங்கே வேலைக்காகக் குடியுரிமை மாறியபோது, அது ஒரு சட்டையை மாற்றுகிற மாதிரி என்றுதான் நானும் உன் அம்மாவும் நினைத்திருந்தோம்.

நாம் அன்று அனுமதி கேட்காமலா இருந்தோம் மகனே. நிலநடுக்கத்தில் பாறையில் விரிசல் விட்டு, அதில் மேலே குடைந்த நம் குடும்பத்துக் கல்லறை வாசல்வரை அது போயிருக்கிறதா இல்லையா என்று கீழேயிருந்து தெரியவில்லை. "கண்ணால பாக்காம என் ஏணிய அந்தப் பாறைல சாத்தமாட்டேன், எனக்கும் பொண்டாட்டி இருக்கா" என்று லெபாங் சொல்லிவிட்டான். அம்மாவை வைக்க வேண்டிய இடம் அதுதான். அப்போதுதான் நீ உன் பெட்டியைத் திறந்து ட்ரோனை எடுத்து, இது போய்ப் பார்த்துவிட்டு வரும் என்றாய். நாம் எல்லாரையும் கேட்டோம். வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், பாதிரியார் ஜெபம் செய்தார், பன்றி அறுத்து ஊருக்கே பங்கு வைத்தோம். சடங்குப் பெரியவர் பாறைக்குக் கீழே நின்று மேலே பார்த்து முன்னோரிடம் சொன்னாரே, "பெரியவங்களே, கோவிச்சுக்காதீங்க. குளவி மாதிரி ஒண்ணு உங்க வாசலுக்கு வரும், கொட்டாது. நம்ம பாலோ மகன் அனுப்பறான். அவன் ஆத்தாளுக்கு இடம் பாக்கத்தான் வருது" என்று. இதற்கு மேல் ஒரு அனுமதி உண்டு என்று இந்த ஊரில் யாருக்குத் தோன்றியிருக்கும். உனக்குத் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். டவுனில் யாரையாவது கேட்க வேண்டுமோ என்று நீ இழுத்தாய், உன் சித்தப்பா சம்பேதான், "ஏன்டா, உன் தாத்தாவப் பாக்க டவுன்ல போய் டிக்கெட் வாங்கிட்டு வருவியா?" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நீயும் சிரித்துக்கொண்டே குளவியை மேலே ஏற்றினாய். விரிசல் நம் வாசலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டது, உள்ளே ஈரம் இல்லை என்று திரையைப் பார்த்துச் சொன்னாய். இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாய். அதைக் கேட்டு நான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

சம்பே மகன் லிம்போங் குளவி எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் தெரியும்படி இணையத்தில் போட்டது பெருமையில்தான், வஞ்சனையில் இல்லை. அவன் மேல் கோபம் வைக்காதே. அதிகாரிகள் வந்து உன் நீலக் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்த நாளிலிருந்து அவன் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அம்மாவின் சடங்குக்காகக் கட்டியிருக்கிற உன் பங்கு எருமைக்கு அவன்தான் புல் அறுத்துப் போடுகிறான், அந்த எருமையிடம் மட்டும்தான் பேசுகிறான். அனுமதி எங்கே என்று அதிகாரிகள் கேட்டதற்கு, அவனுடைய அப்பன் சம்பே முன்னால் போய், பன்றி அறுத்தோம் என்று சொன்னான். வந்தவர்களில் ஒருவர் அதையும் எழுதிக்கொண்டார். குளவியை எடுத்துக்கொண்டார்கள், உன்னைத் திருப்பி அனுப்பினார்கள், இரண்டு வருஷம் இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். இதுவரை உனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாதது, கொஞ்சம் உட்கார்ந்து வாசி.

காப்பி பூத்த சமயத்தில் நான் லிம்போங்கைக் கூட்டிக்கொண்டு பெரிய நகரத்துக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். பேருந்தில் வழி நெடுக ஒவ்வொரு பலகையாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன், டயர் கடை, மருந்துக் கடை, இங்கே குப்பை கொட்டாதே, ஒன்றையும் விடவில்லை. "பெரியப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று லிம்போங் என் சட்டையை இழுத்தான். பார்க்கட்டும் என்றேன். அலுவலகத்தில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண், வேறு தீவுக்காரி, மரியாதையானவள். தடையைத் தளர்த்த வேண்டுமென்றால் தக்க காரணம் வேண்டும், என்ன காரணம் ஐயா என்று கேட்டாள். அவன் அம்மாவின் சாவுச் சடங்கு என்றேன். அம்மா எப்போது இறந்தார்கள் என்று கேட்டாள். நான் பழக்கத்தில் உள்ளதைச் சொன்னேன், இன்னும் இறக்கவில்லை, உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருக்கிறாள் என்று. "அப்ப சடங்கு யாருக்குங்கய்யா?" என்றாள். அவளுக்குத்தான் என்றேன். அந்தப் பெண் லிம்போங்கைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே விளக்கினான், மூச்சு நின்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் சடங்கில் முதல் எருமையை அறுத்து, படுக்கையின் தலைமாட்டைத் திருப்பி வைக்கிறவரை எங்களுக்கு அவர்கள் நோயாளிதான், சோறும் காப்பியும் வைப்போம், தலைமாட்டைத் திருப்ப மகன் கை வேண்டும், இவருக்கு ஒரே மகன், அவனைத்தான் நீங்கள் உள்ளே விட மறுக்கிறீர்கள் என்று. அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "எனக்குப் புரியுதுங்கய்யா, கம்ப்யூட்டருக்குப் புரியாது. உடம்பு சரியில்லைன்னா ஆஸ்பத்திரிச் சீட்டு கேக்கும். இறந்துட்டாங்கன்னா இறப்புச் சான்று கேக்கும். நடுவுல ஒண்ணுமில்ல" என்றாள்.

அவள் இறந்தால்தான் நீ வர முடியும், நீ வந்தால்தான் அவள் இறக்க முடியும். திரும்பி வரும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன், பலகை ஒன்றையும் வாசிக்கவில்லை. மறுநாள் நம் வட்டாரப் பதிவாளரிடம் போனேன். அவர் தாளை எடுத்து வைத்து, மைப்பெட்டியைத் திறந்து, "தாத்தா, நான் எழுதிக்கறேன், நீங்க கட்டைவிரல் வெச்சாப் போதும்" என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் பெரியப்பா, அவரே எழுதட்டும் என்று லிம்போங் கெஞ்சினான். வேறொருவன் கையால் எழுதிவிட்டு வந்து அவள் முகத்தில் எப்படி விழிப்பேன், நீயே சொல். என் மனைவி லாய் புங்கின் இறந்துவிட்டாள் என்று எழுதினேன். வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் வரி அதுதான் மகனே. பதிவாளர் எட்டிப் பார்த்து, நல்ல எழுத்து தாத்தா என்றார். அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வீட்டுக்கு வந்து அவளுக்குக் காப்பி வைத்தேன். "புங்கின், டவுன்ல ஒண்ணு எழுதிட்டு வந்துட்டேன். கோவிச்சுக்காத. புள்ள வரணும்னுதான்" என்றேன். அன்றைக்கு அந்த அறையில் என்னால் அதிக நேரம் இருக்க முடியவில்லை.

இறப்புச் சான்றை வைத்து உனக்காக அனுப்பிய மனுவுக்குப் பதில் கதிர் முற்றுகிற சமயத்தில் வந்தது. உறையை யூலியிடம் கொண்டுபோகவில்லை, நானே பிரித்து வாசித்தேன். பறந்த இடம் விமானம் இறங்குகிற இடத்துக்குப் பக்கம், அனுமதி இல்லை, ஆகையால் தடை தடைதான், காலம் முடிந்த பிறகு வரலாம் என்று எழுதியிருந்தார்கள். யாரையும் திட்டுவதற்கில்லை, சட்டத்தில் இருப்பதைத்தான் எழுதியிருந்தார்கள், நானும் அதைப் படித்தவன்தானே. அதற்கு அடுத்த வாரம் புதிய குடும்ப அட்டை வந்தது. முன்பெல்லாம் அதை வாங்கி மடித்து அம்மாவின் பெட்டியில் போட்டுவிடுவேன், என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது தெரிகிறது. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது, என் பெயர். எழுத்துக் கற்றவனுக்கு இதுவும் உண்டு போலிருக்கிறது.

இப்போது வீட்டுச் செய்தி. அறுவடை முடிந்ததும் சம்பே சொந்தங்களைக் கூட்டிவிட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வெயில் காலத்தில்தான் சடங்கு வைக்க முடியும், கலிமந்தானிலும் பப்புவாவிலும் வேலைக்குப் போயிருக்கிறவர்கள் விடுப்புக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், கட்டிவைத்த எருமைகள் தின்றுகொண்டே இருக்கின்றன. எல்லார் முன்னிலையிலும் என்னைப் பார்த்து, "அண்ணே, சர்க்காரே அண்ணி போயிட்டாங்கன்னு எழுதிட்டாங்க. எழுதிக் குடுத்தது நீ. இப்ப அவங்க நோயாளின்னு சொல்ற ஒரே ஆளு நீதான்" என்றான். பிறகு தன் யோசனையைச் சொன்னான், டவுனில் அட்டை வைத்திருக்கிற ட்ரோன்காரப் பையன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கூட்டிவந்து சடங்கு முழுவதும் மேலேயிருந்து எடுக்கச் சொல்லலாம், ரெருங் பெர்த்திலிருந்து அப்படியே பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பையனை வரவழைத்தும் இருந்தான். கழுத்தில் தொங்கிய அட்டையை வாங்கி வாசித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. நல்ல பையன், கடற்கரைப் பக்கத்துக்காரன், கைகட்டி நின்று, "தாத்தா, சடங்குல கூட்டம் இருக்கும்ல, தலைக்கு மேல பறக்கக் கூடாது, நான் ஓரமா இருந்தே எடுத்துத் தரேன்" என்றான். நீ பெர்த்தில் எப்படிச் சட்டம் பார்த்து வேலை செய்வாயோ அப்படிப் பேசினான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, அதனாலேயே முடியாது என்று தோன்றியது. அவள் கையால் ஒரு பிடி சோறு தின்னாதவன் அவளுக்கு மேலே பறக்கலாம், அவள் பெற்றவன் எங்கோ உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சொந்தங்களிடம் சொன்னேன், "எழுதினது நான்தான், இல்லைங்கல. எழுதினது காகிதத்துல. தலமாட்டத் திருப்பறது எம் மகன். இன்னும் ஒரு அறுவடை பொறுங்க" என்று. சம்பே என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அதுக்குள்ள நீ போயிட்டா?" என்றான். "அப்ப ரெண்டு பேரும் நோயாளி. ரெண்டு பேருக்கும் காப்பி வைங்க" என்றேன். லெபாங் மட்டும் சிரித்தான். சம்பே ஊற்றி வைத்த கள்ளைத் தொடாமல் எழுந்து போனான், போகும்போது தன் பங்காகக் கட்டியிருந்த எருமையையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எதிரில் வந்தாலும் பேசுவதில்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன், சிறு வயதில் அவனை முதுகில் கட்டிக்கொண்டு எருமை மேய்த்தவன் நான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது முற்றத்தில் உன் எருமையும் என் எருமையும் மட்டும்தான் நிற்கின்றன.

உன் அம்மா எழுதியிருந்தால் அடுத்து வருவதை விட்டிருப்பாள். முழங்கால் மட்டும்தான் என்று மேலே எழுதினேன் இல்லையா, அது முழுசாக உண்மை இல்லை. படி ஏறினால் மார்பு பிடித்துக்கொள்கிறது, சுகாதார நிலையத்து டாக்டர் இருதயம் களைத்துவிட்டது என்றார், மாத்திரை கொடுத்திருக்கிறார், அதன் மேல் எழுதியிருப்பதை வாசித்து நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். அந்த அறுவடைவரை நான் இருப்பேனா என்பது எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன். பாறையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று நீ பார்த்துச் சொன்னது ஒரு ஆறுதல்.

இதைக் கேட்டு நீ ஓடி வர நினைப்பாய், அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். போன மாதம் போனில் ஒரு வார்த்தை சொன்னாய், மலேசியா பக்கம் இறங்கிக் காட்டு வழியாக எல்லை தாண்டி வந்துவிடுகிறேன் என்று. அதை மனத்திலிருந்து எடுத்துவிடு. நான் விழுந்துவிட்டேன் என்று செய்தி வந்தாலும் அந்த வழியில் வராதே. பிடித்தால் பிறகு எப்போதுமே விடமாட்டார்கள், அப்போது அவளுடைய தலைமாட்டை யார் திருப்புவது, எனக்கு யார் திருப்புவது. போன தடவை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு இடத்தில் கேட்காமல் விட்டோம். இந்தத் தடவை எல்லா இடத்திலும் கேட்டு, எல்லாத் தாளையும் வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக வா. குளவியை அங்கேயே விட்டுவிட்டு வா. வேலை செய்கிற இடத்திலும் அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள், சின்னதாகக்கூடச் சட்டம் மீறாதே, உன் பெயரில் இன்னொரு கரும்புள்ளி விழுந்தால் அதையும் இங்கே பார்ப்பார்களாம், யூலி சொன்னாள்.

கர்த்தரும் பாறையில் இருக்கிற பெரியவர்களும் உன்னைக் காக்கட்டும். உன் கைபட்டது விளங்கட்டும், உன் சோற்றுக்குத் துணை ஒன்று சீக்கிரம் அமையட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. பதில் எழுதும்போது உறையின் மேல் முன்பு போலவே உன் அம்மா பெயரைப் போடு. அட்டையில் அந்தப் பெயர் இல்லை என்று தபால்காரர் கேட்டார். "வீட்லதான் படுத்திருக்கா. எங்கிட்டக் குடுங்க, வாசிச்சுக் காட்டறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் சரி என்றார். இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு ஆறு காலைகள் ஆகின. நாளை ஓய்வு, நாளை மறுநாள் அடுத்ததைத் தொடங்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம். கட்டாயம் எழுதுவேன், அதற்குள் வரியும் கொஞ்சம் நேராகிவிடும்.

கைநாட்டு இல்லாமல்,
உன் அப்பா பாலோ.
பக்கத்தில் படுத்திருக்கும் உன் அம்மா லாய் புங்கின்.